லண்டனில் குடியிருப்பு, நியூயோர்க்கில் உத்தியோகம்

அண்மையில் எனது பழைய நண்பர் ஒருவரின் மகன் தொலைபேசியில் என்னுடன் உரையாடினார். கணினித்துறையில் தேர்ச்சி பெற்றவர். ஐரோப்பிய நாடொன்றில் குடியிருந்துகொண்டு வேறொரு கண்டத்தில் இயங்கும் நிறுவனத்துக்குப் பணியாற்றத் தமக்கு வாய்ப்புக் கிடைக்கக்கூடும் என்றும், அதற்கெனத் தனியாக விசா வழங்கும் நாடுகள் இப்போது ஐரோப்பாவில் பல இருக்கின்றன என்றும் விளக்கினார்.

"இது உங்கட காலத்தில இல்லாத புது வாழ்க்கை முறை, அங்கிள்" என்றார்.

"தம்பி, என்ர காலத்துக்கும் நூறு வருடம் முந்தி ஒருவர் இதைச் செய்திருக்கிறார். அவர் உம்மைப்போல வேலை தேடவும் இல்லை. வேலைதான் கடல் கடந்து அவரைத் தேடி வந்தது" என்றேன்.

யார் என்று கேட்டார். கார்ல் மார்க்ஸ் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

மார்க்ஸை 'மூலதனம்' நூலின் ஆசிரியராக உலகம் அறியும். தாடியுடன் கூடிய அவரது படம் தொங்காத தொழிற்சங்கக் காரியாலயத்தை எங்கள் இளமைக் காலத்தில் காண்பது அரிது. ஆனால், பத்து ஆண்டுகளுக்கு மேலாக லண்டனில் இருந்தவாறே அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதி, அச்சில் வந்த கட்டுரைக்கு இவ்வளவு என்று சன்மானம் பெற்று அவர் குடும்பம் நடத்தினார் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். பத்திரிகைத் தொழிலிலேயே காலத்தைக் கழித்த எனக்கு, அந்தத் தத்துவஞானியைவிட இந்தச் சன்மான எழுத்தாளர்தான் நெருக்கமானவராகத் தோன்றுகிறார்.

அவர் லண்டனுக்கு வந்த விதத்தை முதலில் சொல்லவேண்டும். 1845 இல் பிரான்ஸ் அவரை வெளியேற்றியது. பிரஸ்ஸல்ஸுக்குச் சென்றார். அந்த ஆண்டின் இறுதியிலேயே தமது பிரஷ்யக் குடியுரிமையைத் துறந்து நாடற்றவரானார். 1848 மார்ச்சில் பெல்ஜியம் வெளியேற்றியது. ஜேர்மனியின் கொலோன் நகருக்குத் திரும்பிப் பத்திரிகை ஒன்றை நடத்தினார். 1849 மே மாதத்தில் பிரஷ்ய அரசு அங்கிருந்தும் துரத்தியது. மீண்டும் பாரிஸ் சென்றபோது, நகரைவிட்டு விலகிப் பிரித்தானி மாகாணத்தின் மோர்பியான் பகுதிக்குப் போய்விடுமாறு உத்தரவு வந்தது. சதுப்பு நிலங்களும் காய்ச்சலும் நிறைந்த அந்தப் பகுதிக்குக் குடும்பத்தோடு போவதற்கு அவர் விரும்பவில்லை. 1849 ஓகஸ்டில் இங்கிலாந்தில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 31.

இன்றைய வாசகர்கள் இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். அவரிடம் விசா கேட்டவர் எவருமில்லை. வருமானச் சான்றிதழோ வங்கிக் கணக்கு அறிக்கையோ அவர் காட்டவேண்டியிருக்கவில்லை. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானியா ஐரோப்பிய அகதிகளைத் திருப்பி அனுப்பாத நாடாக இருந்தது. 1905 ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் வரும்வரை அந்தக் கதவு பெரும்பாலும் திறந்தே இருந்தது. உள்ளே வருவது எளிது. ஆனால், வந்தபின் எப்படிச் சாப்பிடுவது என்பது வந்தவரின் பாடு. ஆங்கிலத்தில் சரளமாக எழுதத் தெரியாத ஒரு ஜேர்மன் பத்திரிகையாளருக்கு லண்டனில் என்ன வேலை கிடைக்கும்?

1851 ஓகஸ்ட் மாத ஆரம்பத்தில் நியூயோர்க்கிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. எழுதியவர் சார்ள்ஸ் டேனா. 'நியூயோர்க் டெய்லி ட்ரிபியூன்' பத்திரிகையின் நிர்வாக ஆசிரியர். 1848 இல் ஐரோப்பியப் புரட்சிகளை நேரில் கண்டு எழுதுவதற்காக வந்திருந்த டேனா, கொலோன் நகரில் மார்க்ஸைச் சந்தித்திருந்தார். 'ட்ரிபியூன்' சாதாரணமான பத்திரிகை அல்ல. ஹொரஸ் கிறீலி 1841 இல் தொடங்கிய அப்பத்திரிகை, அடிமை முறையை எதிர்த்து நின்ற செல்வாக்குள்ள ஏடு. அதன் வாரப் பதிப்பு மட்டுமே 1850 களின் நடுப்பகுதியில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையானது.

வேலை கிடைத்தது. அடுத்து நடந்ததுதான் இன்றைய இளைஞர்களுக்குப் புன்னகையை வரவழைக்கும். மார்க்ஸ் உடனே மன்செஸ்டரில் இருந்த தமது நண்பர் ஏங்கல்ஸுக்குக் கடிதம் எழுதி, ஜேர்மனி பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை அனுப்புமாறு கேட்டார். ஏங்கல்ஸ் அப்போது தமது குடும்பத்துக்குப் பங்கு இருந்த பருத்தி ஆலையின் காரியாலயத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். பகலில் கணக்கு வழக்கு. இரவில் நண்பருக்காகக் கட்டுரை. 1851 ஒக்டோபர் முதல் 1852 ஒக்டோபர் வரை, ஜேர்மனியின் புரட்சியும் எதிர்ப்புரட்சியும் பற்றிய 19 கட்டுரைகள் 'ட்ரிபியூனில்' வெளிவந்தன. பெயர் மார்க்ஸுடையது, எழுத்து முழுவதும் ஏங்கல்ஸுடையது. இருவருடைய கடிதங்களும் 1913 இல் நூலாக வெளிவந்த பின்னரே உலகத்துக்கு உண்மை தெரிந்தது. நியூயோர்க் ஆசிரியபீடம் கடைசிவரை இதனை அறிந்ததாகத் தெரியவில்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் எசமானருக்குக் கையெழுத்துத்தான் தெரியும். அதைப் பிடித்திருக்கும் கை தெரியாது.

1852 ஓகஸ்டில் மார்க்ஸ் தாமே எழுதத் தொடங்கினார். அவர் ஜேர்மன் மொழியில் எழுத, ஏங்கல்ஸ் அதனை ஆங்கிலமாக்கி அனுப்பினார். 1853 ஆரம்பத்திலேயே மார்க்ஸ் நேரடியாக ஆங்கிலத்தில் எழுதும் துணிவைப் பெற்றார்.

வேலையின் ஒழுங்கு இப்படி இருந்தது. அத்திலாந்திக் தபால் கப்பல் லிவர்பூலில் இருந்து புறப்படும் நாட்களை அனுசரித்து, வாரத்தில் இரண்டு கட்டுரைகள், பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் தயாராகவேண்டும். கப்பல் நியூயோர்க் செல்லப் பத்து நாட்களுக்கு மேலாகும். அங்கே ஆசிரியபீடத்தின் மேசையில் ஒரு சில நாட்கள். 1853 ஜூன் 10 எனத் திகதியிட்டு அவர் எழுதிய 'இந்தியாவில் பிரித்தானிய ஆட்சி' என்ற கட்டுரை ஜூன் 25 இல் அச்சில் வந்தது. பதினைந்து நாட்கள். அந்தக் காலத்துக்கு அது வேகமான பிரசுரம். கடலடித் தந்தி 1858 இல் போடப்பட்டுச் சில வாரங்களிலேயே செயலிழந்தது. நிலையான இணைப்பு 1866 இல்தான் கிடைத்தது. அதற்கு முன்னரே மார்க்ஸின் உத்தியோகம் முடிந்துவிட்டது.

சன்மானம் தொடக்கத்தில் கட்டுரைக்கு ஒரு பவுண். பின்னர் இரண்டு பவுண். வாரம் இரண்டு கட்டுரைகள் தவறாமல் வெளிவந்தால் ஆண்டுக்கு 200 பவுண் அளவில் வரும். அன்றைய லண்டனில் ஒரு சாதாரண எழுதுவினைஞரின் சம்பளத்தைவிட அது எவ்வளவோ மேல். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுப்பிய கட்டுரைக்குச் சன்மானம் இல்லை. அச்சான கட்டுரைக்கே சன்மானம். ஆசிரியருக்கு இடமில்லாவிட்டால், வேறு பெரிய செய்தி வந்துவிட்டால், அந்த இரண்டு பவுண் இல்லை. இது வெளியாகியதா இல்லையா என்பதே அவருக்கு வாரங்கள் கழித்துத்தான் தெரியும்.

பணம் வந்துசேரும் வழியோ அதைவிடக் கடினமானது. மாதச் சம்பளம் கையில் கொடுக்கப்படவில்லை. மார்க்ஸ் 'ட்ரிபியூன்' பேரில் உண்டியல் எழுதி, அதனை மாற்றித் தரக்கூடிய ஒருவரை லண்டனில் தேடவேண்டும். உண்டியல் என்ற சொல்லைப் புலம்பெயர்ந்த எமது மக்களுக்கு நான் விளக்கவேண்டிய தேவையில்லை. நாடற்ற ஒருவர் நீட்டும் தாளை யார் நம்புவார்? சில வேளைகளில் உண்டியல் நியூயோர்க் சென்று திரும்பும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தார். பிற்காலத்தில், கவிஞர் பிரெய்லிகிராத் சுவிஸ் வங்கி ஒன்றின் லண்டன் கிளைக்கு முகாமையாளராக இருந்தமையால் சிரமம் ஓரளவு குறைந்தது. அவரும் ஜேர்மனியிலிருந்து வந்த அகதிதான்.

அந்த ஆண்டுகளில் மார்க்ஸ் குடும்பம் சோஹோ பகுதியில் டீன் வீதி 28 ஆம் இலக்க வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் வாழ்ந்தது. அந்தக் கட்டடத்தில் இன்று அவர் 1851 முதல் 1856 வரை அங்கே வாழ்ந்ததாக ஒரு நீல வட்டப் பலகை இருக்கிறது. அது சொல்லாத விடயங்களை அவருடைய கடிதங்கள் சொல்கின்றன. 1852 பெப்ரவரியில் மேலங்கி அடகுக்கடையில் இருந்ததால் வெளியே போக முடியாத நிலை. அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு வயதான மகள் பிரான்சிஸ்கா இறந்தபோது சவப்பெட்டி வாங்கப் பணமில்லை. மனைவி ஜெனி, அருகில் வசித்த பிரெஞ்சு அகதி ஒருவரிடம் ஓடிச்சென்று கேட்டார். அந்த மனிதர் இரண்டு பவுணைக் கொடுத்தார். ஒரு கட்டுரையின் சன்மானமாகப் பின்னாளில் மார்க்ஸ் பெற்ற அதே இரண்டு பவுண்.

செப்டெம்பரில் எழுதிய இன்னொரு கடிதத்தை என்னால் மறக்க முடியவில்லை. மனைவிக்குச் சுகவீனம், வைத்தியரை அழைக்க வழியில்லை, ஒரு வாரத்துக்கு மேலாக வீட்டில் பாணும் உருளைக்கிழங்கும்தான். அந்த நாட்களில் டேனாவுக்குக் கட்டுரை எழுதவில்லை என்று மார்க்ஸ் குறிப்பிடுகிறார். காரணம் சோம்பல் அல்ல. பத்திரிகைகளை வாசிக்கப் போவதற்கு அவரிடம் ஒரு பென்னியும் இருக்கவில்லை. கையில் காசில்லாததால் பத்திரிகை வாசிக்க முடியவில்லை. வாசிக்காததால் எழுத முடியவில்லை. எழுதாததால் காசு இல்லை. நியூயோர்க்கில் இருந்தவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், இந்த வாரக் கப்பலில் லண்டன் கட்டுரை வரவில்லை என்பது மட்டுமே.

இந்த இடத்தில் எனது சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லாமல் கடந்து போவது நேர்மையாகாது. நான் ஆசிரியபீடத்தில் பணியாற்றிய காலத்தில் தூர இடங்களிலிருந்து பிரதேச நிருபர்கள் தபாலில் செய்திகளை அனுப்புவார்கள். அச்சில் வந்த செய்திக்கே அவர்களுக்குச் சன்மானம். இரவு பக்கம் நிரம்பிவிட்டால், மேசையில் எஞ்சிய பிரதிகளைக் கம்பியில் குத்திவிட்டு வீட்டுக்குப் போவோம். அப்படி நான் குத்திய தாள்களில் ஒரு நிருபருடைய செய்திகள் பல இருந்தன. நீண்டகாலம் கழித்து அவரைச் சந்தித்தபோது அவர் என்மீது குறை எதுவும் கூறவில்லை. "நீங்கள் போட்ட செய்தியளை வெட்டி வைச்சிருக்கிறன்" என்று ஒரு கொப்பியைக் காட்டினார். அது மெல்லிய கொப்பி. அவர் அனுப்பியவற்றின் அளவு எனக்குத் தெரியும். அந்தக் கொப்பியைப் பார்த்தபிறகுதான் 'ட்ரிபியூன்' கட்டுரைகளின் கதையை நான் வேறு கண்ணால் வாசிக்கத் தொடங்கினேன்.

தூரத்தில் இருந்து எழுதுபவருக்கு இன்னுமொரு இக்கட்டு உண்டு. தாம் காணாத இடத்தைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது. மார்க்ஸ் இந்தியாவை ஒருபோதும் கண்டதில்லை. பிரித்தானிய நூதனசாலையின் வாசிகசாலையில் 1850 ஜூனில் அனுமதிச் சீட்டுப் பெற்று, நாடாளுமன்ற அறிக்கைகளையும் லண்டன் பத்திரிகைகளையும் படித்தே அவர் எழுதினார். அதனால் பிழைகளும் நேர்ந்தன. இந்தியக் கிராமம் பல நூற்றாண்டுகளாக மாறாமல் உறைந்து கிடந்தது என்று 1853 இல் அவர் வரைந்த சித்திரத்தைப் பின்வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கவில்லை.

ஆனால், 1857 செப்டெம்பர் 17 இல் 'ட்ரிபியூன்' வெளியிட்ட கட்டுரை ஒன்று தமிழ் வாசகர்கள் அறியவேண்டியது. வட இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி மூண்டிருந்த காலம் அது. கிளர்ச்சியாளரின் கொடுமைகளைப் பற்றியே லண்டன் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. மார்க்ஸ் வேறொரு தாளை எடுத்தார். சென்னை மாகாணத்தில் நிலவரி அறவிடுவதற்காக அதிகாரிகள் குடியானவர்களைச் சித்திரவதை செய்தது பற்றி விசாரித்து, ஆணைக்குழு ஒன்று 1855 இல் சமர்ப்பித்த அறிக்கை அது. தமிழ்க் கிராமங்களின் குரலும் அந்த அறிக்கையில் பதிவாகியிருந்தது. வரி செலுத்த முடியாத ஏழைகளை அரசாங்கத்தின் கீழ்நிலை உத்தியோகத்தர்களே வதைத்தனர் என்பதை அரசாங்கத்தின் ஆவணத்தைக் கொண்டே அமெரிக்க வாசகர்களுக்கு எடுத்துக்காட்டினார்.

அந்த அறிக்கையில் ஆணையாளர்களை வதையைவிட அதிகமாக வருத்தியது, பாதிக்கப்பட்டவர் நீதி பெறுவதில் இருந்த சிரமமே. அதற்கான காரணங்களை மார்க்ஸ் வரிசைப்படுத்துகிறார். கலெக்டரிடம் நேரில் முறையிடுவதானால் அவரது கச்சேரிவரை பயணம் செய்யவேண்டும். பணமும் நாட்களும் வீணாகும். கடிதம் எழுதினாலோ, அது தாசில்தாருக்கே, அதாவது எவருக்கு எதிராக முறையிடப்பட்டதோ அவரிடமே, விசாரணைக்குத் திரும்பி வரும் என்ற அச்சம். அதையும் மீறி வழக்கு நடந்தால், விசாரணையும் தண்டனையும் வலுவற்றவை. கச்சேரிக்கு நடந்தவர்களை நாம் நன்கு அறிவோம். சென்னை மாகாணத்துக் குடியானவரின் முறைப்பாடு லண்டனில் நூலாகி, சோஹோவையும் வாசிகசாலையையும் சுற்றிவந்த ஓர் அகதியின் கையால் நியூயோர்க் சென்றது. லண்டனில் எழுதப்பட்ட நாளிலிருந்து இருபதாம் நாள் அச்சேறியது. அருகில் இருந்தவர்கள் வாய்திறந்து சொன்னவை பதிவாகியிருந்தமையால்தான் தூரத்தில் இருந்தவரால் அதை எழுத முடிந்தது.

இவ்வளவு எழுதியவரின் நிலை ஆசிரியபீடத்தில் எப்படி இருந்தது? அவருடைய கட்டுரைகளில் கணிசமானவை பெயரின்றி ஆசிரிய தலையங்கங்களாக வெளிவந்தன. நல்லவற்றைத் தமதாக்கிக்கொண்டு மற்றவற்றுக்கு மட்டும் தமது பெயரைப் போடுகிறார்கள் என்று அவர் மனம் கசந்தார். 1855 முதல் அவர் பெயரே இடம்பெறவில்லை. மறுபுறத்தில், டேனா நன்றியற்றவரும் அல்லர். பத்திரிகையின் மிக மதிக்கப்பட்ட, அதிகச் சன்மானம் பெற்ற எழுத்தாளர்களில் ஒருவர் என்று 1860 இல் அவருக்கு நற்சான்றிதழ் வழங்கினார். கலைக்களஞ்சியம் ஒன்றுக்குக் கட்டுரை எழுதும் வேலையையும் 1857 இல் தேடிக்கொடுத்தார். பக்கத்துக்கு இரண்டு டொலர். அவற்றிலும் பெரும் பகுதியை எழுதியவர் ஏங்கல்ஸ்.

1857 இன் பொருளாதார நெருக்கடி வந்தது. முதலாளித்துவத்தின் நெருக்கடிகளை ஆராய்ந்தவரை அந்த நெருக்கடியே தாக்கியது. 'ட்ரிபியூன்' தனது ஐரோப்பிய நிருபர்களில் இருவரைத் தவிர ஏனையோரை நிறுத்தியது. எஞ்சிய இருவரில் ஒருவர் மார்க்ஸ். ஆனால் வாரம் ஒரு கட்டுரை மட்டும். 1861 இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அங்கே வாசகர்களுக்கு ஐரோப்பியச் செய்தி தேவைப்படவில்லை. பல மாதங்கள் வேலை நிறுத்திவைக்கப்பட்டது. 1862 மார்ச்சில் ஒரேயடியாக முடிந்தது. பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 500 கட்டுரைகள். அவற்றுள் நாலில் ஒரு பங்கு ஏங்கல்ஸுடையவை. ஓய்வூதியமோ நட்டஈடோ கிடையாது. டேனாவும் அதே ஆண்டில் பத்திரிகையை விட்டு விலகினார்.

அதன் பின்னர் மார்க்ஸ் லண்டனிலேயே ஒரு ரயில்வே காரியாலயத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பித்தார். கையெழுத்து மோசம் என்று மறுத்துவிட்டார்கள். நியூயோர்க்கில் அச்சுக்கோப்பவர்கள் எப்படி அந்தக் கையெழுத்தைப் பத்து வருடம் வாசித்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அவர்கள் வாசிக்கவில்லை. அவர்கள் பெரும்பாலும் வாசித்தது ஜெனியின் கையெழுத்தை. கணவர் கிறுக்கியவற்றை அவரே அமர்ந்து படி எடுத்தார்.

1961 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, பத்திரிகை வெளியீட்டாளர்களின் கூட்டம் ஒன்றில் இந்தக் கதையை நகைச்சுவையுடன் நினைவூட்டினார். அந்த நியூயோர்க் பத்திரிகை மார்க்ஸுக்குக் கொஞ்சம் தாராளமாகச் சம்பளம் கொடுத்திருந்தால் உலக வரலாறே வேறுவிதமாக இருந்திருக்கும் என்பது அவரது பேச்சின் சாரம். மண்டபம் சிரித்திருக்கும். ஆனால் சம்பளத்தின் அளவு மட்டும் அங்கே பிரச்சினை அல்ல. இரண்டு பவுண் தவறாமல் வாரந்தோறும் வந்திருந்தால் அந்தக் குடும்பம் சமாளித்திருக்கும். எப்போது வரும், வருமா, நின்றுவிடுமா என்பது தெரியாமல் இருந்ததே பிரச்சினை.

இன்றைய நிலைக்கு வருவோம். வீட்டிலிருந்து வேலை செய்வது பிற்காலத்தில் பல வடிவங்களை எடுத்தது. 1962 இல் ஸ்டெபனி ஷேர்லி என்ற பெண்மணி, தாமே சிறுவயதில் நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து வந்த அகதி, வீட்டில் இருந்தவாறே கணினி நிரல் எழுதும் பெண்களைக் கொண்டு ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். 1973 இல் அமெரிக்கரான ஜக் நில்ஸ் தொலைவிலிருந்து வேலை செய்வதற்கு ஒரு பெயரே சூட்டினார். 2020 இல் கொரோனா பெருந்தொற்று உலகத்தின் பாதியை வீட்டு மேசைக்கு அனுப்பியது. அதே ஆண்டு ஓகஸ்டில் எஸ்தோனியா, பிறநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்துகொண்டு தனது நாட்டில் ஓராண்டு வரை தங்குவோருக்கெனத் தனி விசாவை அறிமுகப்படுத்தியது. 2021 ஜனவரியில் குரோஷியா, 2022 ஒக்டோபரில் போர்த்துக்கல், அதே ஆண்டு இறுதியில் சட்டம் இயற்றிய ஸ்பெயின் என வரிசை நீண்டது. இதே எஸ்தோனியா 2014 இல் தொடங்கிய இணையவழி வதிவிட அட்டையைப் பலர் விசா என்று தவறாக நினைக்கிறார்கள். அந்த அட்டை கம்பனி நடத்த உதவும். நாட்டில் குடியிருக்கும் உரிமையைத் தராது.

இந்த விசாக்களின் உட்பொருள் ஒன்றுதான். எங்கள் நாட்டில் தங்கலாம். ஆனால் உன் வருமானம் எங்கள் நாட்டுக்கு வெளியிலிருந்து வரவேண்டும். அது ஒழுங்காக வருகிறது என்பதை நிரூபிக்கவேண்டும். எஸ்தோனியா விண்ணப்பத்துக்கு முந்திய ஆறு மாத வருமானத்தைக் கேட்டது. போர்த்துக்கல் தனது நாட்டின் ஆகக் குறைந்த சம்பளத்தைப்போல் நான்கு மடங்கைக் கேட்டது. 1852 இன் மார்க்ஸ் இவற்றுள் எந்த விசாவுக்கும் தகுதி பெற்றிருக்கமாட்டார். அவருக்கு வதிவிடம் எளிதாகக் கிடைத்தது. சம்பளம் வந்துசேரத்தான் கப்பலும் உண்டியலும் தேவைப்பட்டன. இன்றைய இளைஞருக்குச் சம்பளம் வங்கிக் கணக்கில் நொடியில் வந்துவிடும். வதிவிடத்துக்குத்தான் கடதாசிக் கட்டு தேவைப்படுகிறது. ஒரு வித்தியாசம் முக்கியமானது. சம்பளம் நின்றபோது மார்க்ஸ் பட்டினி கிடந்தார். ஆனால் லண்டனை விட்டுப் போகச்சொல்லி எவரும் கடிதம் அனுப்பவில்லை. 1874 இல் குடியுரிமை கேட்டு மறுக்கப்பட்டபோதுகூட அவர் அங்கேயே வாழ்ந்தார். இன்று சம்பளம் நின்றால் விசாவின் அடித்தளமும் ஆடும். தூரத்தில் உள்ள ஒருவர் அனுப்பும் ஒரேயொரு மின்னஞ்சல், உத்தியோகத்தோடு குடியிருப்பையும் அசைத்துவிடும்.

இவற்றையெல்லாம் அந்த இளைஞரிடம் சொன்னேன். போகவேண்டாம் என்று சொல்லவில்லை. போகாமலிருந்தவர்களுக்கு மட்டும் எல்லாம் நிச்சயமாக இருந்ததா? ஆனால் ஒப்பந்தத்தில், வேலை நிறுத்துவதற்கு எத்தனை நாள் முன்னறிவித்தல் தருவார்கள் என்ற வரியைத் தேடிப்பாரும் என்றேன். நோய் வந்தால் யார் செலவு என்று பாரும் என்றேன். சில மாத வாடகையை ஒரு புறம் ஒதுக்கிவிட்டுப் புறப்படும் என்றேன். கடைசியாக, போய்ச்சேரும் நகரத்தில் உமக்குத் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"வேலைக்கு அது தேவையில்லையே, அங்கிள்" என்றார்.

நான் அவருக்கு அந்தப் பிரெஞ்சு அகதியைப் பற்றிச் சொன்னேன். பத்து ஆண்டு உழைத்த பத்திரிகையின் காரியாலயம் கடலுக்கு அப்பால் இருந்தது. பிள்ளை இறந்த நாளில் ஜெனி நடந்து சென்றது பக்கத்தில் இருந்த மனிதரிடம். இன்னொருவர் தமது ஆலைச் சம்பளத்திலிருந்து மன்செஸ்டரில் இருந்து பணம் அனுப்பினார். இன்னொருவர் உண்டியலை மாற்றிக் கொடுத்தார். நியூயோர்க் உத்தியோகத்தை இவர்களே லண்டனில் இழுத்துப் பிடித்து நிறுத்தினார்கள். அவர்கள் பெயர் 'ட்ரிபியூன்' கணக்குப் புத்தகத்தில் இருந்திருக்காது.

பிற்காலத்தில் ஜெனி தமது வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதியபோது, கணவரின் சிறிய அறையில் அமர்ந்து அந்தக் கட்டுரைகளைப் படி எடுத்த நாட்களைத் தமது மகிழ்ச்சியான நாட்களுள் சேர்த்திருக்கிறார். மூன்று பிள்ளைகளை அந்தச் சோஹோ ஆண்டுகளில் பறிகொடுத்த தாய் எழுதியது அது. அதை வாசித்தபோது எனக்கு அந்த மெல்லிய கொப்பி நினைவுக்கு வந்தது. செய்திகளை வெட்டி, ஓரம் மடங்காமல் ஒட்டி, கீழே திகதியும் இடப்பட்டிருந்தது. அந்தத் திகதிகள் நிருபருடைய கையெழுத்தில் இல்லை. அப்போது அதைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாருடைய கையெழுத்தாக இருக்கும் என்று இப்போது ஊகிக்கிறேன்.